பொட்டு வைத்த பெட்டி

பார்த்து ஏறுங்கள். ஏழாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம். கட்டும்போதே கொத்தனாரிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தடுக்குகிறார்கள். சிபி ஒருவன்தான் முதல் நாளே தடுக்காமல் ஏறினான். ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "இந்தப் படி கொஞ்சம் ஒசரங்களா ஐயா?" என்று கேட்டான். அதனால்தான் அவனுக்கு மாடியைக் கொடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அதுதான் நடந்தது.

நீங்கள் பல் செட் செய்கிற லேப் வைக்கப் போவதாகப் புரோக்கர் சொன்னார். பல் நல்ல தொழில். எல்லோருக்கும் விழும். எத்தனை டாக்டர்களுக்குச் செய்து கொடுக்கிறீர்கள்? நாற்பதுக்கு மேலா? அப்படியென்றால் சரி. ஒரே ஆளை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு இனிமேல் மாடியைத் தருவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இது ஹால். உள்ளே வாருங்கள். இங்கேதான் சிபியும் அவன் ஆட்களுமாக ஒன்பது பேர் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அந்தச் சுவரில் இருப்பது அழுக்கு இல்லை, ஆடு. கிட்டப் போய்ப் பாருங்கள். பென்சிலில் வரைந்தது. கீழே கிணற்றுத் தண்ணீர், மேலே கிணற்று வாய், நடுவில் கல்லுக்குக் கல் கால் வைத்து ஏறுகிற ஆடு. அஃப்ரின் என்று ஒரு பெண், உக்கடத்திலிருந்து வருவாள், அவள் வரைந்தாள். சுவரில் வரைகிறாளே என்று எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். எனக்கு யாரிடமும் நேராக ஒன்றைக் கேட்க வராது. மில்லில் முப்பத்தொரு வருடம் நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் நின்றவன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. அந்தப் பழக்கம் என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டீர்களே. விளையாட்டு. டிவியில் ஒரு பெட்டியைச் செருகி, கையில் இரண்டு பிடிகளை வைத்துக்கொண்டு விளையாடுவார்கள் இல்லையா, அந்தப் பெட்டிக்குள் போடுகிற விளையாட்டு. பெட்டி இவர்கள் செய்வதில்லை. அது வெளிநாட்டுக் கம்பெனி. உலகத்தில் இப்படிப் பெட்டி செய்கிறவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்களாம். இவர்கள் அதில் ஒரே ஒரு கம்பெனியின் பெட்டிக்கு மட்டும் விளையாட்டு செய்தார்கள். சுவரில் பார்த்தீர்களே, அந்த ஆட்டைக் கிணற்றிலிருந்து ஏற்றிவிடுவதுதான் விளையாட்டு.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு நாள் காலையில் சிபி கீழே வந்து எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதிசயமாக எனக்கு வாய் திறந்தது.

"ஏன் தம்பி, ஒரே பெட்டிக்குத்தானா? மத்த பெட்டிக்காரனெல்லாம் என்ன பாவம் பண்ணினான்?"

"மூணு பெட்டிக்கும் செய்யணும்னா மூணு மடங்கு ஆளு வேணுங்க ஐயா. நாங்க ஒன்பது பேரு. அதுபோக நம்ம ஆட்டை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவங்க புதுப் பெட்டி கடைக்கு வர்ற அன்னிக்கே நம்ம ஆடும் கூடவே வருது. அதுக்காக, ரெண்டு வருசம் வேற பெட்டிக்குக் குடுக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"அவங்க பெட்டி விக்கலீன்னா?"

"நாமளும் விக்க மாட்டோம்."

"அவங்க தள்ளிப்போட்டா?"

"நாமளும் தள்ளிப்போவோம்."

"அவங்களுக்கு உங்களப் பிடிக்காமப் போயிருச்சுன்னா?"

சிபி என் வீட்டுக்காரியைப் பார்த்தான். "அம்மா, ஐயாவை வேற எதாச்சும் பேசச் சொல்லுங்க. இட்லி எறங்க மாட்டேங்குது."

"அவரு பேசறதே வருசத்துக்கு நாலு வார்த்தை. அதையும் ஏன் கெடுக்கறே? சட்னி போட்டுக்கோ" என்றாள் அவள்.

நான் விடவில்லை. எங்கள் மில்லிலிருந்து மூன்று ஊர் வியாபாரிகளுக்கு நூல் போனது, ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் இருந்தார் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மரியாதையான பையன். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்த ஹாலில் நீங்கள் நின்றுகொண்டிருக்க மாட்டீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், உங்களைச் சொல்லவில்லை.

அந்த வருடம் இந்த மாடியில் பாதியை ஒரு டியூஷன் மாஸ்டர் கேட்டார். மருந்து மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரும் கேட்டார். நான் கொடுக்கவில்லை. சிபி ஆட்டை முடித்ததும் இன்னும் ஆள் சேர்ப்பான், இடம் வேண்டும் என்று முழு மாடியையும் அவனுக்கே வைத்திருந்தேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், இடம் தாராளமாக இருக்கும்.

இந்தச் சின்ன அறையைப் பாருங்கள். கதவில் இரண்டு துளை இருக்கிறதே, அது அவர்கள் போட்ட பூட்டு. எண் அழுத்தினால்தான் திறக்கும். நீங்கள் வருவதானால் துளையை அடைத்துத் தருகிறேன். கடைக்கு வராத அந்தப் புதுப் பெட்டியில் ஒன்றை, ஆட்டை ஓட்டிப் பார்ப்பதற்காக, பெட்டிக் கம்பெனி இவர்களுக்கு அனுப்பியிருந்தது. இந்த ஊரிலேயே அது ஒன்றுதான். இந்த அறையில்தான் இருந்தது. உள்ளே போகிறவர்கள் போனை வெளியே ஒரு கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதன் முகம் எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியக்கூடாதாம். பெண்ணுக்கு முகூர்த்தம் வரைக்கும் மாப்பிள்ளையைக் காட்டாமல் வைத்திருந்த மாதிரி.

அந்தப் பெட்டி சித்திரையில் கடைக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. தை மாதம் என்று தள்ளிவிட்டார்கள். ஏன் என்று இவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லையாம். சிபி தன் பைக்கை விற்றுவிட்டு கணபதி பஸ் ஸ்டாப்பில் இறங்கி நடந்து வர ஆரம்பித்தான். அஃப்ரின் மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து இரண்டு பேருக்கு எடுத்து வந்தாள். ஒருவன்கூட வேலையை விட்டுப் போகவில்லை. தை மாதம் ஆடு கிணற்றிலிருந்து வெளியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் அந்த ஒன்பது பேருக்கும் பேச்சு. வராவிட்டால் கம்பெனி இல்லை. அதையும் சிபி மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொல்வான்.

அப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

நீங்கள் கோயமுத்தூர்தானே? அப்படியென்றால் சொல்ல வேண்டியதில்லை. லேத் பட்டறையிலிருந்து இளநீர் வெட்டுகிற அரிவாள் வரைக்கும் அன்றைக்குப் பொட்டு உண்டு. மில்லில் எங்கள் பகுதிக்கு நான்தான் சந்தனப் பட்டை போடுவேன். மூன்று விரலை வைத்து இழுத்தால் மூன்று கோடும் ஒரே அகலத்தில் ஒரே நீளத்தில் நிற்க வேண்டும். மற்றவர்கள் போட்டால் நடுக்கோடு சாயும். சூப்பர்வைசரே என்னைக் கூப்பிட்டுத் தன் ஸ்கூட்டருக்குப் போடச் சொல்வார்.

மாடிக்கும் நான்தான் செய்தேன். முதல் நாளே கழுவி விட்டார்கள். கம்ப்யூட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். வாழைக்கன்று, மாவிலை, பொரி, கடலை எல்லாம் முறையாக இருந்தது. என் வீட்டுக்காரி சுண்டல் கொண்டுவந்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் பட்டை போட்டுப் பொட்டு வைத்து முடித்தேன். முடித்த பிறகு மனது ஒப்பவில்லை.

"தம்பி, சோறு போடற சாமான் அந்த ரூமுக்குள்ள இருக்குது. அதை உள்ள பூட்டி வெச்சுட்டு கீபோர்டுக்குப் பொட்டு வெச்சா என்ன அர்த்தம்?"

"அதை வெளிய எடுக்கக் கூடாதுங்க ஐயா."

"சரி தம்பி" என்று கற்பூரத்தை எடுத்தேன். ஆனால் பற்றவைக்க எனக்குக் கை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். வற்புறுத்தவில்லை. எனக்கு வற்புறுத்தத் தெரியாது. உட்கார்ந்துதான் இருந்தேன். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் நின்றார்கள்.

அஃப்ரின்தான் முதலில் சொன்னாள். "அண்ணா, அஞ்சு நிமிசம் எடுத்து வெச்சா என்ன? இத்தனை நாள் நம்ம கையால அது பட்ட பாட்டுக்கு ஒரு பொட்டாச்சும் வெக்கலாம்ல?"

சிபி கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு எண்ணை அழுத்திக் கதவைத் திறந்து பெட்டியை எடுத்து வந்து பலகை மேல் வைத்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம். ஓரம் மட்டும் வளைந்திருந்தது. ஒரு பக்கம் வெள்ளைச் சீட்டு ஒட்டி அதில் ஏதோ எண்கள். சிபி அன்றைக்குச் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ஐயா, போட்டோ மட்டும் வேண்டாங்க. நெட்ல போயிருச்சுன்னா நாம அவ்வளவுதான்."

நான் சந்தனம் குழைத்தேன். அஃப்ரின் பக்கத்தில் குனிந்து, "அது மூச்சு விடற ஓட்டைங்க ஐயா, அங்க வெச்சுறாதீங்க" என்றாள். "ஏன் அம்மிணி, அதுக்குச் சளி பிடிச்சுக்குமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒன்று சொல்லி ஒன்பது பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்திலோ என்னவோ, பட்டை அன்றைக்கு விழுந்த மாதிரி மில்லில்கூட எனக்கு விழுந்ததில்லை. மூன்று கோடும் வைத்த இடத்தில் நின்றன. நடுவில் குங்குமம். ஓட்டை எதையும் தொடவில்லை.

கற்பூரம் காட்டினேன். பிறகு எல்லோரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனார்கள். மிதுன் என்று ஒருவன், காதில் கடுக்கன் போட்டவன், எப்போதும் கையில் போன் வைத்திருப்பான், அவன்தான் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தான். சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. முழங்கால் வலி என்பதால் நான் போகவில்லை. பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தேன். பெட்டியும் நானும்தான்.

ஒரு போட்டோ எடுத்தேன்.

இருங்கள், முழுதாகக் கேளுங்கள். அவன் ஏன் போட்டோ வேண்டாம் என்றான்? நெட்டில் போய்விடும் என்று. நெட்டில் போடப் போவதில்லை என்றால் வேண்டாம் என்பதற்கும் வேலை இல்லை. எனக்கு நெட்டில் எதையும் போடத் தெரியவும் தெரியாது. பழைய ரிங் ஃபிரேம் ஆட்கள் நாங்கள் பதினோரு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் அவரவர் வீட்டுப் பூஜையை அதில் அனுப்புவோம். ஒருவர் மாவு மில், ஒருவர் டெம்போ, ஒருவர் வெறும் கிரைண்டர். நான் பட்டையைத்தான் அனுப்பினேன். மூன்று கோட்டையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான். பெட்டி கீழே இருந்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குப் போட்ட பட்டையை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் நடுக்கோடு சாய்ந்திருந்தது.

பதினோரு பேர் என்று சொன்னேனே, உயிரோடு ஒன்பது பேர்தான். நாச்சிமுத்து போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் நம்பரை இப்போது அவர் மருமகன் வைத்திருக்கிறார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. குழுவில் ஒருநாளும் ஒரு வார்த்தை போடாதவர், அன்றைக்கு மட்டும் கை கூப்புகிற படம் இரண்டு போட்டு, "மாமா, அருமை. இது எங்கே எடுத்தது?" என்று கேட்டிருந்தார். மாமா என்று உறவு வைத்துக் கேட்கிறார், பதில் போடாமல் இருக்க முடியுமா? "எங்கள் மாடியில்தான், கணபதி, கோவை" என்று எழுதினேன். மற்ற யாரும் பட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொறாமை.

அதற்குள் சிபி மேலே வந்து பெட்டியை ஈரத் துணியால் துடைத்து அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். அஞ்சு நிமிடம் என்றது பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் டிவியில் வந்தது. ரகசியமாக வைத்திருந்த பெட்டிக்குப் பொட்டு வைத்த கோவை என்று கீழே எழுத்து ஓடுகிறது. படத்தில் பெட்டி, பட்டை, குங்குமம், வாழைப்பழம். உலகம் முழுக்கப் பார்த்துவிட்டார்களாம். வெளிநாட்டுக்காரன் ஒருவன் தன் பெட்டிக்கும் இதே மாதிரி வரைந்து படம் போட்டிருக்கிறான், கோடு வளைந்து வளைந்து. குழுவில் மற்ற எட்டுப் பேரும் என் பெயரைப் போட்டு எழுதிவிட்டார்கள். நம்ம வெள்ளிங்கிரி கைப்பட்டை அமெரிக்கா போயிருச்சு என்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு மணி நேரம் தரையில் கால் பாவவில்லை. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "பாரு, மூணு கோடும் எப்படி நிக்குது பாரு" என்றேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பையன் படம் எடுக்க வேண்டாம்னு சொல்லலீங்களா?"

"நெட்ல போடக் கூடாதுன்னான். நான் போடலை."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சிபி கீழே வந்தான். எப்போதும் வருகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். என் போன் மேஜை மேல் சார்ஜில் இருந்தது. குழுவில் இன்னும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் டிங் என்று ஒரு சத்தம்.

"ஐயா, அன்னிக்குப் பூஜையப்ப நீங்க போட்டோ ஏதாச்சும்..."

"நெட்ல நான் எதுவும் போடலையே தம்பி" என்றேன்.

அது பொய் இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. போன் டிங் என்றது. அவன் போனைப் பார்த்தான். மேலே வெளிச்சமாக ஏதோ எழுத்து வந்து போனது. பிறகு என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கோபமாக இல்லை. ஒரு பெரியவர் தெருவைக் கடக்க முடியாமல் நின்றால் பார்ப்போமே, அப்படி.

"சரிங்க ஐயா" என்றான். எழுந்தான். வாசலில் நின்று, "காப்பி குடிச்சிட்டுப் போ கண்ணு" என்று என் வீட்டுக்காரி சொன்னதற்கு, "நாளைக்குக் குடிக்கறேங்கம்மா" என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெங்களூரிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். பஞ்சு வைத்த ஒரு பெட்டிக்குள் அந்தப் பெட்டியை வைத்து எடுத்துப் போனார்கள். சந்தனம் ஒரு மூலையில் கொஞ்சம் ஒட்டியிருந்ததாம், அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். அவர்கள் எடுக்கலாம் போலிருக்கிறது. புதுப் பெட்டியோடு ஆடு வராது, அந்தப் பெட்டிக்கே இனி இவர்களுடைய எந்த விளையாட்டும் வராது என்று பெட்டிக் கம்பெனி எழுதிவிட்டது. முன்னால் செய்திருந்த லாரி விளையாட்டையும் பெட்டிக்குள்ளேயே இருக்கிற கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடையும் அவர்களுடையதுதான். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெட்டி அவர்களுடையது, கடை அவர்களுடையது, கல்லா அவர்களுடையது. இவர்களுடையது ஆடு மட்டும்தான். நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

ஒரு நாள் படியில் சிபியை நிறுத்தி, "வேற பெட்டிக்காரன்கிட்ட ஆட்டைக் குடுத்தா என்ன தம்பி?" என்று கேட்டேன்.

அவன் கையைக் காட்டினான். இரண்டு கையிலும் பிடிகளை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி. "இடது கை ஆட்டோட முன்னங்காலுங்க ஐயா. வலது கை பின்னங்காலு. கல்லு வழுக்கினா பிடி கையில நடுங்கும். எங்க நடுங்குதோ அந்தக் காலை மாத்தி வெக்கணும். இது அந்தப் பிடிக்குன்னே செஞ்சது. வேற பிடியில அந்த நடுக்கம் இல்லை. ஒன்னுல இருந்து மறுபடி செய்யணும். அதுக்கு ஒன்றரை வருசம் ஆகும். அதுவரைக்கும் சாப்பிடணுமில்ல?"

அந்தக் கையை அவன் இறக்கவே இல்லை. பேசி முடித்த பிறகும் காற்றைப் பிடித்துக்கொண்டே நின்றான். நான் என்ன செய்ய முடியும்? வாடகை வேண்டாம் என்றேன். "வேண்டாங்க ஐயா, இடத்தை வெச்சுட்டு என்ன பண்றது" என்றான்.

காலி செய்த அன்றைக்கு அஃப்ரின் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நான் கீழே நின்றிருந்தேன். என் வீட்டுக்காரி நீட்டிய காப்பியை அவள் வாங்கவில்லை. ஏழாவது படியில் தடுக்கினாள். நாலு வருடமாக ஏறி இறங்கிய பெண், அன்றைக்குத் தடுக்கினாள். அங்கேயே நின்று என்னிடம் சொன்னாள்.

"ஐயா, ஒன்னு தெரிஞ்சுக்கோங்க. யார் எடுத்த படம்னு பெட்டிக் கம்பெனிக்காரங்க எழுதிக் கேட்டாங்க. வெளியாள்னு எழுதினா அந்த ஆள் மேலயே கேஸ் போடுவாங்களாம். சிபி அண்ணன், நான்தான் எடுத்தேன்னு தன் பேரை எழுதிக் குடுத்துட்டாரு. வக்கீல் வேண்டாம்னு சொல்லியும் கேக்கலை."

"யாரைக் காப்பாத்தறான் அம்மிணி?" என்று கேட்டேன்.

அவள் மிச்சப் படிகளை இறங்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்ன மரியாதை இது? நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தருவதற்கு வாங்கிப்போன எங்கள் வீட்டு டம்ளர் இரண்டு இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு பெரியவன் கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டாமா?

நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு அந்தக் கடுக்கன் பையன் மிதுன் மேல்தான் சந்தேகம். எந்நேரமும் கையில் போன். சிபி அவனைத்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மனசு அவனுக்கு. என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள், "அந்தப் பையன் வாசல்ல பூசணிக்காய் உடைச்சிட்டு இருந்தான்" என்றாள். அதற்கு முன்பே எடுத்திருக்கலாம் இல்லையா? "நேராப் போன் பண்ணிச் சிபியவே கேட்டுறுங்க. வாய்ல என்ன கொழுக்கட்டையா இருக்குது?" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பல நாள். பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அழுத்தினால் என்ன கேட்பது? "நீ யாரைத் தம்பி காப்பாத்தினே?" என்று கேட்கலாம். அவன் சொல்லிவிட்டால்?

இப்போது பெங்களூரில் யாருடைய கம்பெனியிலோ சம்பளத்துக்கு இருக்கிறான். போன தீபாவளிக்கு எனக்கு வாழ்த்து அனுப்பினான். "ஐயா, அம்மாவுக்கும் சொல்லுங்க. முழங்கால் எப்படி இருக்கு?" என்று. அவ்வளவு நொடிந்துபோயும் என் முழங்காலை விசாரிக்கிறான் பாருங்கள். பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

போன வருடம் பூஜைக்குக் குழுவில் நான் எதுவும் போடவில்லை. மாடி காலி, எதற்குப் பொட்டு வைப்பது? அடுத்த வாரம் மறுபடியும் வருகிறது.

சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்கிறீர்களா? மற்ற மூன்று சுவருக்கும் அடித்துக்கொள்ளுங்கள். இது மட்டும் இருக்கட்டும். பல்லுக்கு ஆடு இடைஞ்சலா என்ன? அது இன்னும் பாதிக் கிணறுதான் ஏறியிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? முகம் தெரியாதவர் என்பதால் கேட்கிறேன். தெரிந்தவர்களிடம் கேட்க முடியவில்லை. நான் எடுத்த படம் இந்தப் போனில் இருக்கிறது. டிவியில் வந்த படத்தையும் யாரோ குழுவில் போட்டிருந்தார்கள், அதுவும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. டிவி படத்திலும் வாழைச் சீப்பில் கடைசிப் பழம் திரும்பியிருக்கிறது. ஒரு பக்கம் கறுத்திருந்ததால் நான்தான் திருப்பி வைத்தேன். அதே பூஜை என்றால் அதே பழம்தானே இருக்கும்? டிவி படமும் தரையில் உட்கார்ந்து எடுத்த மாதிரித்தான் இருக்கிறது. மிதுனும் தரையில் உட்காருகிறவன்தான். நீங்கள் படித்தவர், இளம் வயது, சட்டென்று தெரிந்துவிடும். இந்தாருங்கள். இது என்னுடையது. விரலால் தள்ளினால் அது வரும். தள்ளிப் பாருங்கள்.

பார்த்துவிட்டீர்களா?

ஏன் என்னையே பார்க்கிறீர்கள்? சிபியும் அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு இப்படித்தான் பார்த்தான்.

போனைக் கொடுங்கள். இந்தப் பக்கம் வாருங்கள், பாத்ரூம் காட்டுகிறேன். குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீருக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.